யார் காதுக்காகச் சொன்னது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிக்கிற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வேட்பாளர் ஒருவர் கறுப்பின மக்களைப் பற்றியோ, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களைப் பற்றியோ மேடையில் ஏதோ சொல்லிவிடுகிறார். மறுநாள் எதிர்க்கட்சி கொதிக்கிறது. அவருடைய ஆட்கள் “அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை” என்கிறார்கள். பழைய நண்பர் ஒருவர் தொலைக்காட்சிக்கு வந்து, இவர் மனதில் துளி வெறுப்பும் கிடையாது என்று சான்று கொடுக்கிறார். உடனே நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: இவர் உண்மையில் இனவெறியரா, இல்லையா?

அந்தக் கேள்வியைச் சற்று ஓரமாக வையுங்கள் என்பேன். ஒருவர் மனதுக்குள் எட்டிப் பார்க்க நமக்கு வழி கிடையாது. ஆனால் எந்த ஊரில், யார் முன்னால், எந்தத் தேர்தலை வைத்துப் பேசினார் என்பதெல்லாம் வெளியே தெரிகிற விஷயங்கள். அந்தப் பேச்சால் யாருக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் விளங்காத பல விஷயங்கள் விளங்கும். அதற்கு ஜார்ஜ் வாலஸின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வாலஸ் அலபாமா மாநிலத்துக்காரர். 1950களில் அங்கே நீதிபதியாக இருந்தார். கறுப்பின வழக்கறிஞர் எவ்வளவு படித்திருந்தாலும், அவரைச் சிறுபிள்ளையைக் கூப்பிடுவதுபோல வெறும் பெயரால் கூப்பிடுவதுதான் அன்றைய தெற்கத்திய நீதிமன்றங்களின் வழக்கம். செல்மா நகரத்தின் கறுப்பின வழக்கறிஞர் ஜே.எல். செஸ்ட்நட், நீதிமன்றத்தில் தன்னை முதன்முதலாக ‘மிஸ்டர்’ போட்டு அழைத்த நீதிபதி வாலஸ்தான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1958இல் ஆளுநர் பதவிக்காக வாலஸ் ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்டபோது, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அவருக்கு ஆதரவு தந்தது. அவரை எதிர்த்து நின்ற ஜான் பேட்டர்சனுக்கோ வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆதரவு. வாலஸ் தோற்றார்.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவுதான் அமெரிக்க அரசியலையே கெடுத்தது. பள்ளிக்கூடம், சாலை, வரி என்று பேசினேன், யாரும் காது கொடுக்கவில்லை. கறுப்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், கூட்டம் தரை அதிரக் காலால் தட்டியது — இந்தப் பொருளில் அவர் பின்னாளில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1962இல் அப்படிப் பேசியே ஜெயித்தார். 1963 ஜனவரி 14 அன்று பதவியேற்பு மேடையில், இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றைக்கும் இருக்கும் என்று முழங்கினார். அந்த உரையை எழுதிக் கொடுத்த ஏசா கார்ட்டர் கிளான்காரர். அதே ஆண்டு ஜூன் 11 அன்று, அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர வந்த விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை மறித்துக்கொண்டு வாசலில் நின்றார் ஆளுநர். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காம் நகரத்தில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் கிளான்காரர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தம் உங்கள் கையில் இருக்கிறது என்று வாலஸுக்குத் தந்தி அனுப்பினார் மார்ட்டின் லூதர் கிங்.

‘மிஸ்டர்’ என்று மரியாதையாக அழைத்த நீதிபதி ஒருவர், வாசலை மறித்த ஆளுநர் ஒருவர் என்று இரண்டு மனிதர்கள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வாலஸ்தான். அவர் மனதில் வெறுப்பு இருந்ததா என்று கேட்டால், இல்லாமல்கூட இருந்திருக்கலாம் என்பேன். அப்படியென்றால் குற்றம் இன்னும் பெரிது. தனக்கே நம்பிக்கையில்லாத விஷத்தை ஓட்டுக்காக ஊற்றியவர் ஆகிறார். 1972இல் ஒருவன் சுட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். பிறகு கறுப்பின மக்களின் தேவாலயங்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். 1982இல் அவர் மறுபடியும் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தபோது கறுப்பின மக்களில் கணிசமானவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். மன்னிப்பது அவர்களுடைய உரிமை, அவர்களுடைய பெருந்தன்மை. நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வது நம்முடைய வேலை.

பச்சையாகப் பேசிய முதல் கட்டம் அது. இனி இரண்டாவது கட்டம். 1964இல் குடிமை உரிமைகள் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. அதற்கு முன் மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பின மக்களில் 100க்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இரண்டே ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறினார்கள். மேடையில் பச்சையாகத் திட்டினால் இனி நஷ்டம். ஊர்ப்புற மேடையில் பேசுவது அன்றிரவே நாடு முழுவதும் தொலைக்காட்சியில் வந்துவிடுகிறது. கடுஞ்சொல் கேட்டால் முகம் சுளிக்கிற நகர்ப்புற வெள்ளையர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். என்ன செய்வது?

அதற்கான பதிலை உள்ளே இருந்த ஒருவரே சொல்லியிருக்கிறார். லீ அட்வாட்டர், குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூகக்காரர். 1981இல் அரசியல் பேராசிரியர் ஒருவருக்கு அளித்த பேட்டியில், 1954இல் கறுப்பர்களை இழிசொல்லால் சொல்ல முடிந்தது, 1968இல் அது நமக்கே எதிராகத் திரும்பிவிடும், ஆகவே மாநில உரிமை, பிள்ளைகளைக் கட்டாயமாக வேறு பகுதிப் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்புவது என்றெல்லாம் பேச வேண்டியதாயிற்று, பிறகு அதுவும் மங்கி வரிக்குறைப்பு என்று ஆயிற்று, அதில் வெள்ளையரைவிடக் கறுப்பர்களுக்கு அதிகம் அடி விழும் என்று வரிசையாக விளக்கினார். இப்படிப் பேச்சு மங்க மங்க இனப் பிரச்சினையே கரைந்து போகும் என்பது அவருடைய வாதம். நான் அதை ஏற்கவில்லை. அடி விழுகிற முதுகு மாறவில்லையே. அந்த ஒலிப்பதிவு 2012இல் வெளிவந்தது. இன்றும் கேட்கலாம்.

‘மாநில உரிமை’ என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்குக் குழப்பம் வரும். நமக்கு அது அண்ணா காலத்திலிருந்து மரியாதைக்குரிய கோரிக்கை. அமெரிக்கத் தெற்கிலோ கறுப்பின மக்களுக்கு ஓட்டும் பள்ளிக்கூடமும் தர மறுத்தவை மாநில அரசுகள். தலையிட்டுக் காப்பாற்ற வந்தது மத்திய அரசு. ஆகவே அங்கே ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தின் முன் அந்தச் சொல்லைச் சொன்னால், கேட்பவருக்கு வேறொன்று புரியும்.

1980 ஆகஸ்ட் 3 அன்று அதைச் சொன்னவர் ரொனால்டு ரீகன். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகி மூன்று வாரம் ஆகவில்லை. இடம், மிசிசிப்பியில் நெஷோபா மாவட்டத் திருவிழா. கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உழைத்த சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களை 1964 ஜூனில் கிளான்காரர்கள் கொன்று, மண் அணைக்குள் புதைத்த மாவட்டம் அது. ரீகன் பெரும்பாலும் பொருளாதாரம்தான் பேசினார், மாநில உரிமை அவருடைய பழைய கொள்கை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் நாட்டில் இத்தனை ஊர் இருக்க அந்த ஊரில் போய் அந்தச் சொல்லைச் சொல்லி, கொல்லப்பட்ட மூவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்ததை என்னால் தற்செயல் என்று கடந்துபோக முடியவில்லை. மறுக்க வசதியாகப் பேசுவதுதான் இந்த இரண்டாம் கட்டத்தின் உத்தி. உள்ளூர்க்காரருக்குப் புரியும், வெளியூர்க்காரர் கேட்டால் “வரியைப் பற்றித்தானே பேசினேன்” என்று சொல்லிவிடலாம்.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் யோக்கியர்களா என்று கேட்பீர்கள். 1976 பிரச்சாரத்தில் ஜிம்மி கார்ட்டர், குடியிருப்புகளின் ‘இனத் தூய்மை’யைக் காப்பதில் தவறில்லை என்கிற மாதிரி பேசி, மன்னிப்புக் கேட்டார். 2007இல் ஜோ பைடன், ஒபாமாவைத் தெளிவாகப் பேசுகிறவர், சுத்தமானவர் என்று பாராட்டப் போய் மாட்டிக்கொண்டார். மற்ற கறுப்பினத் தலைவர்கள் அப்படியில்லையா என்று ஊரே கேட்டது. 2008இல் செனட்டர் ஹாரி ரீட், ஒபாமாவின் நிறம் வெளுப்பு, பேச்சில் கறுப்பர் வழக்கு இல்லை, அதனால் ஜெயிப்பார் என்று தனியாகச் சொன்னது இரண்டு ஆண்டு கழித்து ஒரு புத்தகத்தில் வெளிவந்தது. மன்னிப்புக் கேட்டார், பதவி நிலைத்தது. எங்கள் செனட் தலைவர் டிரென்ட் லாட் போனாரே, இவர் ஏன் போகவில்லை என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. 2002 டிசம்பரில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், 1948இல் இவர் அதிபர் தேர்தலில் நின்றபோது நாடே இவருக்கு ஓட்டுப் போட்டிருந்தால் இத்தனை தொல்லை வந்திருக்காது என்றார் லாட். 1948இல் தர்மண்ட் நின்றதே இனப் பிரிவினையைக் காப்பாற்றத்தான். ரீட் பேசியது வாக்காளர்களிடம் உள்ள பாரபட்சத்தைப் பற்றி, மக்கிப்போன சொற்களில். லாட் ஏங்கியது பிரிவினை வேட்பாளரின் வெற்றிக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அதே டிசம்பரில் லாட் செனட் கட்சித் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

நமக்கு நெருக்கமான சம்பவம் 2006 ஆகஸ்டில், வெர்ஜீனியா மாநிலத்தின் பிரேக்ஸ் என்ற மலையோரச் சிற்றூரில் நடந்தது. செனட்டர் ஜார்ஜ் ஆலன் மறுபடி போட்டியிடுகிறார். அடுத்த அதிபர் வேட்பாளராகவும் பேசப்பட்டவர். கூட்டத்தில் எதிர்த்தரப்பின் சார்பாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், இந்தியப் பெற்றோரின் மகன். ஆலன் அவரைக் காட்டி ‘மக்காக்கா’ என்று இரண்டு முறை அழைத்து, அமெரிக்காவுக்கு நல்வரவு என்றார். ஒருவகைக் குரங்கின் பெயர் அது. வட ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் உள்ளூர் மக்களைத் திட்டப் பயன்பட்ட சொல். ஆலனின் தாயார் துனிசியாவில் வளர்ந்தவர். அர்த்தம் தெரியாமல் வாயில் வந்த சொல் என்று ஆலன் விளக்கம் சொன்னார்.

அர்த்தம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மாணவர் வெர்ஜீனியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆலனோ வேறு மாநிலத்தில் பிறந்து வந்தவர். யார் யாரை வரவேற்பது? திட்டுச்சொல்லைவிட அந்த ‘நல்வரவு’தான் எனக்கு உறைத்தது. நீ எத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தாலும் விருந்தாளிதான் என்று அது சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் வெள்ளையரல்லாதவர் அநேகமாக அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அது சொல்லப்பட்டது. ஆனால் கேமரா அந்த மாணவர் கையில் இருந்தது. யூடியூப் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாடே பார்த்தது. நவம்பரில் ஆலன் 10,000க்கும் குறைவான ஓட்டில் தோற்றார், அதோடு செனட் சபையே அவருடைய குடியரசுக் கட்சியின் கையைவிட்டுப் போயிற்று.

அந்தக் கணக்கு இன்று மாறிவிட்டது. 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில், கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, கமலா ஹாரிஸ் இந்தியராகத்தான் இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார் டொனால்டு டிரம்ப். கமலாவின் தந்தை ஜமைக்காக்காரர். தாய் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன். கமலா படித்தது கறுப்பின மக்களின் பெருமைக்குரிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். எல்லாம் எப்போதும் தெரிந்த தகவல்கள். எதிரே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அந்தப் பேச்சு அவர்களுக்கானதே அல்ல. ஓட்டுக்காக நிறம் மாற்றுகிறார் என்ற சந்தேகத்தைத் தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம் விதைப்பதற்கானது. ஆறு வாரம் கழித்து விவாத மேடையில், ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைத்தி மக்கள் அக்கம்பக்கத்தார் வளர்க்கும் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார். ஆதாரமே இல்லை என்று அந்த நகர நிர்வாகம் சொன்னது. அவர் கட்சிக்காரரான ஒஹாயோ ஆளுநரே மறுத்தார். அடுத்த நாட்களில் அந்த ஊருக்கு 30க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து குழந்தைகளை வெளியேற்றினார்கள். டிரம்ப் ஒஹாயோவிலும் ஜெயித்தார், அதிபராகவும் ஆனார்.

தண்டனை கிடைக்குமா என்பது காலத்தைப் பொறுத்து மாறுகிறது. அடிபடுவோர் மாறவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அங்கே குடியுரிமையும் ஓட்டும் பெற்ற நம் பிள்ளைகள் பலர், இது வெள்ளையருக்கும் கறுப்பருக்குமான சண்டை, நமக்கென்ன என்று ஒதுங்குகிறார்கள். ஆனால் பழைய கதையைப் பாருங்கள்: 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் அமெரிக்காவில் குடியேறலாம் என்று இருந்தது. இனத்தையும் பிறந்த நாட்டையும் வைத்து ஆள் எடுக்கும் அந்த முறையை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3 அன்று, வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதத்துக்குள். செல்மாவில் ஓட்டுரிமை கேட்ட கறுப்பின மக்கள் தடியடி வாங்கிய அதே ஆண்டு. நம் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவு திறந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு. அடுத்த முறை அங்கே ஒரு வேட்பாளர் ஹைத்திக்காரரையோ மெக்சிகோக்காரரையோ இழிவாகப் பேசினால், அது நம்மைப் பற்றியதல்ல என்று இருந்துவிட வேண்டாம், ஓட்டுச்சாவடிக்குப் போகும்போது அதை மறக்கவும் வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.