ஈறுக்குள் ஒரு பந்தயம்

ஈறு அறுவை சிகிச்சை என்றதும், ஈறை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. நலமான பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஓர் இடுக்கு உண்டு. கிருமிப்படலம் சேர்ந்து, அழற்சி முற்றி, எலும்பு கரையத் தொடங்கினால் அந்த இடுக்கு ஆழமான பையாகிவிடும். முதல் வைத்தியம், பல்லில் படிந்து இறுகிய காரையை நீக்கி வேரைச் சுத்தம் செய்வதே. அதன் பிறகும் பை 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நின்றால் அறுவை பற்றி யோசிப்பார்கள்.

அத்தகைய அறுவைகளில் ஒன்றான ஃபிளாப் சர்ஜரியில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்து தைத்துவிடுவார்கள். ஸ்வீடனின் பல் மருத்துவர் லியோனார்ட் விட்மன் 1918இல் விவரித்த முறையின் வாரிசு இது.

காயம் ஆறும். ஆனால் இழந்த எலும்பும், அதோடு பல்லைப் பிணைக்கும் நார்த்திசுவும் பெரிதாகத் திரும்புவதில்லை. ஏன்? தைத்த இடத்தில் ஒரு பந்தயம் நடக்கிறது. ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக வளர்ந்து வேரைப் போர்த்திவிடுகின்றன. பிணைப்பை உருவாக்கவல்ல செல்கள் மெல்ல வந்து சேர்வதற்குள் இடம் பறிபோய்விடுகிறது. முதலில் வந்து குடியேறும் செல்லே காயம் எப்படி ஆறும் என்பதை முடிவு செய்கிறது என 1976இல் பல் ஆய்வாளர் மெல்ச்சர் வாதிட்டார். அப்படியானால் வேகமானவர்களைத் தடுத்தால் என்ன? 1982இல் ஸ்வீடனின் நீமன் ஆய்வுக் குழு, ஒருவரின் கீழ் முன்பல்லில் ஈறுக்கும் வேருக்கும் இடையே ஆய்வக வடிதாள் ஒன்றைச் செருகியது. சில மாதங்களில் வேரின்மேல் புதிய பிணைப்பு உருவாகியிருந்தது. இன்று அந்த இடத்தில் தானே கரைந்துபோகும் கொலாஜன் சவ்வை வைக்கிறார்கள். பன்றியின் வளரும் பல்முளையிலிருந்து எடுத்த புரதக் கூழைத் தடவும் முறையும் உண்டு.

எல்லாருக்கும் இப்படிப் பிணைப்பை மீட்கும் முறைகள் பலிக்காது. பல்லையொட்டிக் குழியாகக் கரைந்த எலும்பில் பலன் நன்று; சுற்றிலும் ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் சொற்பமே. புகைபிடிப்பவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு.

அதே நீமன் குழு 1977இல் வெளியிட்ட ஆய்வைக் கத்திக்குச் சம்மதிக்கும் முன் அறிவது நல்லது. ஐந்து விதமான அறுவைகளைச் செய்து, பிறகு தொடர்ந்து சுத்தம் பேணாமல் விட்டுப் பார்த்தார்கள். ஐந்திலும் பிணைப்பு மேலும் குறைந்தது.