நிழலைக் காத்தலும் காட்டலும்

ஓலைச்சுவடி செல்லரிக்கும், கல்வெட்டுத் தேயும். திரைப்படச் சுருளோ இவற்றினும் விரைவில் அழியும் இயல்பினது. சேர்மானியக் கலைஞர் லொற்றே றைனிகர் (1899–1981) ஆக்கிய ‘இளவரசன் அக்மதுவின் தீரச்செயல்கள்’ என்னும் நிழலுருவப் படம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆயிரத்தோரிரவுக் கதைகளைத் தழுவிய இப்படம் 1923 முதல் 1926 வரை உருவாயிற்று. கரிய அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்துப் பாவைகள் செய்தனர். மூட்டுகளைக் கம்பியாற் பிணைத்தனர். கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிப் பலகைமீது அவற்றைக் கிடத்திச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோரசைவையும் மேலிருந்து படம்பிடித்தனர். தோற்பாவைக் கூத்தில் ஆட்டுவோன் கை ஓயாது இயங்கும். இங்கோ கை விலகிய பின்னரே படம் பதிவாகும். இத்துணை அரிதின் முயன்று ஆக்கிய படத்தின் மூலச்சுருள் 1945ஆம் ஆண்டுப் பேர்லின் போரில் அழிந்தது.

எஞ்சிய பழம் பிரதிகளைத் திரையிடுதல் எளிதன்று. அக்காலச் சுருள் செலுலோசு நைத்திரேற்றாலானது. எரியுங்கால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளியிடுதலின் அது நீராலும் அணையாது. மேலும், நாட்பட்ட சுருள் சுருங்கும். சுருங்கவே அதன் ஓரத்துளைகள் பொறியின் பற்சில்லோடு பொருந்தாது கிழியும். ஆகவே தீத்தடுப்பமைந்த அறையும் தேர்ந்த கையும் உள்ள மிகச் சில அரங்குகளே அதனை ஓட்டவல்லன.

காப்பதா, காட்டுவதா என்னும் வினா இங்கு எழுகின்றது. இலண்டன் திரைப்படச் சுவடிச்சாலையின் முதற் காப்பாளர் ஏணெஸ்ற் லின்ட்கிறென் காத்தலையே தலையாய கடனாகக் கொண்டார். பாரிசில் 1936ஆம் ஆண்டு தோன்றிய திரைப்படக் காப்பகத்தின் நிறுவுநருள் ஒருவராகிய அன்றி லாங்ளுவா காட்டுதலைப் பெரிதெனப் போற்றினார். முன்னதில் பொருள் நிலைக்கும், காண்போர் குறைவர்; பின்னதில் காண்போர் பெருகுவர், காணுந்தோறும் சுருளிற் கீறலும் பெருகும்.

அக்மதுப் படத்தின் பிற்கால வரலாறு இவ்விரண்டையும் இணைக்கும் வழியைக் காட்டுகின்றது. 1998, 1999ஆம் ஆண்டுகளிற் சேர்மானிய, பிரித்தானியச் சுவடிக் காப்பாளர் எஞ்சிய நைத்திரேற்றுப் பிரதிகளைக்கொண்டு அதனைப் புதுப்பித்தனர். அதற்குமுன் கறுப்பு வெள்ளையிலேயே காணக் கிடைத்த படம், தனக்கு ஆதியில் இருந்த நிறச்சாயலை மீண்டும் பெற்றது. பழம் பிரதி குளிரறையில் ஓய்ந்திருக்க, புதுப் படி திரைதோறும் சென்று அக்கலையின் அன்பரை மகிழ்விக்கின்றது.

ஏட்டைப் பெயர்த்தெழுதிக் காத்த நம் முன்னோரும் இந்நெறியையே கைக்கொண்டனர். காட்டுதற்கன்றேல் காத்தலாற் பயனில்லை. காவாதார்க்குக் காட்டுதற்குப் பொருளில்லை.