பிசாசு ஒன்றா, பலவா? கந்த சஷ்டி கவசமும் பைபிளும் காட்டும் வித்தியாசம்!

ஈரோடு மாவட்டம் சென்னிமலை முருகன் கோயிலுக்குப் படியேறும் பலருக்கும் கந்த சஷ்டி கவசம் மனப்பாடம். தேவராய சுவாமிகள் அதை அரங்கேற்றிய தலமே இதுதான் என்பார்கள். கவசம் விரட்டும் கொள்ளிவாய்ப் பேய், பிரம்மராட்சதர் எல்லாம் ஒரு பெருங்கூட்டம்.

பழைய தமிழ் பைபிளிலும் ‘பிசாசு’ உண்டு. ஆளைப் பிடிக்கும் பேய்களுக்கும் அதே சொல், சாத்தானுக்கும் அதே சொல். குழப்பம் இங்கேதான்.

எபிரேய மொழியில் ‘சாத்தான்’ முதலில் பெயரே இல்லை. எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்று பொருள். யோபு புத்தகத்தில் அவன் ஆளைப் பிடித்து ஆட்டுவதில்லை. கடவுளின் சபைக்கே வந்து, யோபுவின் பக்தி நிஜமா என்று அரசு வக்கீல் மாதிரி கிளறுகிறான். கடவுள் அனுமதிக்காமல் அவனால் எதுவும் செய்ய முடியாது. யூத மரபு பெரும்பாலும் அவனை இப்படித்தான் பார்க்கிறது.

ஏதேன் தோட்டத்துப் பாம்பு? ஆதியாகமம் அதைச் சாத்தான் என்று சொல்லவே இல்லை! பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் பழைய பாம்பு, பிசாசு, சாத்தான் மூன்றும் ஒரே ஆளாகின்றன. கடவுளின் பெரும் பகைவனாக அவன் வளர்வது கிறிஸ்தவத்தில்தான்.

1995-ல் வந்த திருவிவிலியம் மொழிபெயர்ப்பு, ஆளைப் பிடிப்பதைப் ‘பேய்’ என்றும் சாத்தானை ‘அலகை’ என்றும் பிரித்துவிட்டது. அலகை புதுச் சொல் அல்ல, 850-வது திருக்குறளிலேயே இருக்கிறது. அங்கே அதற்கு அர்த்தம், பேய்தான்!