இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் நேரக்கணக்கும் திரைக்காட்சிக் குறைகளும்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்பது பிரித்தானியாவின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட 8-பிட் வீட்டுக் கணினி ஆகும். 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இசட்80ஏ நுண்செயலியும், யூ.எல்.ஏ எனப்படும் ஒற்றைச் சில்லும் இதன் அடிப்படை. திரைக்காட்சி, விசைப்பலகை, ஒலி, ஒலிநாடா ஆகிய அனைத்தையும் யூ.எல்.ஏ கவனிக்கிறது. விலையைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாட்டால் சில விசித்திரங்கள் கணினியின் இயல்பாகவே அமைந்துவிட்டன. அவற்றைப் பழுது எனக் கருதி நல்ல சில்லைக் கழற்றுவதும், உண்மையான பழுதை இயல்பு என விட்டுவிடுவதும் பழைய கணினிகளைப் பேணுவோர் செய்யும் தவறுகள் ஆகும்.

திரை நினைவகத்தின் அமைப்பு

திரை 256 × 192 படப்புள்ளிகள் கொண்டது. புள்ளிகளுக்கான 6144 பைட்டுகள் 16384 என்ற முகவரியிலும், நிறங்களுக்கான 768 பைட்டுகள் 22528 என்ற முகவரியிலும் தொடங்குகின்றன. 8 × 8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறப் பைட்டு மட்டுமே உண்டு. ஆகவே ஒரு கட்டத்தில் எழுத்து நிறம், பின்னணி நிறம் என இரண்டு நிறங்களுக்கு மேல் இருக்க இயலாது. விளையாட்டு உருவம் ஒன்று கட்ட எல்லையைத் தாண்டும்போது அருகிலுள்ளவற்றின் நிறமும் மாறிவிடும். இது நிற மோதல் எனப்படும். தொலைக்காட்சியையோ கம்பியையோ மாற்றுவதால் இது தீராது. உருவங்களை 8 புள்ளி எல்லைகளில் நகர்த்துவது அல்லது ஆடுகளத்தை இரு நிறங்களில் மட்டும் வரைவதே வழி. 1984இல் வந்த 'நைட் லோர்' இரண்டாவது வழியைப் பின்பற்றியது.

நாடாவிலிருந்து படம் ஏறும்போது வரிகள் விட்டுவிட்டு நிரம்புவதும் இயல்பே. திரை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் வரி 16384இல் இருந்தால், அதற்கு அடுத்த வரி 16640இல் இருக்கும். 16416இல் இருப்பது ஒன்பதாவது வரி. எழுத்துகளை வேகமாக அச்சிட இவ்வமைப்பு உதவுகிறது; ஓர் எழுத்தின் அடுத்த வரிக்குச் செல்ல முகவரியின் மேல் பைட்டில் ஒன்றைக் கூட்டினால் போதும்.

நினைவகப் போட்டி

ஒரு திரைச் சட்டகம் 312 வரிகள் கொண்டது. ஒரு வரிக்கு 224 கடிகாரத் துடிப்புகள் வீதம் மொத்தம் 69,888 துடிப்புகள். இவற்றில் படம் தெரியும் 192 வரிகளிலும், வரிக்கு 128 துடிப்புகள் யூ.எல்.ஏ திரை நினைவகத்தைப் படிக்கிறது. அப்போது 16384 முதல் 32767 வரையிலான நினைவகத்தை நுண்செயலி அணுகினால், யூ.எல்.ஏ அதன் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும். அணுகும் கணத்தைப் பொறுத்து காத்திருப்பு 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்ற வரிசையில் அமையும். 254ஆம் வாயிலை அணுகும்போதும் இத்தாமதம் ஏற்படலாம்.

ஒரே நிரல் ஒரு முகவரியில் வேகமாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் ஓடுவதற்கு இதுவே காரணம். ஒலி கரகரப்பாகக் கேட்டால் அல்லது ஓரப் பட்டைகள் நடுங்கினால், நேரம் முக்கியமான பகுதியை 32768க்கு மேல் மாற்றிப் பார்க்க வேண்டும். 16 கே வகையில் இதற்கு இடமில்லை.

128 கே வகையில் ஒரு வரிக்கு 228 துடிப்புகள், மொத்தம் 311 வரிகள். 48 கே வகைக்கு எழுதிய ஓரப் பட்டைகள் இதில் வரிக்கு 4 துடிப்பு, அதாவது 8 புள்ளி, விலகிச் சாய்வாகத் தெரியும். பின்பற்றி மென்பொருளில் தவறான வகையைத் தேர்ந்தாலும் இதே விளைவுதான்.

கிழிவும் பனிப்பொழிவும்

நகரும் உருவங்கள் நடுவில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், யூ.எல்.ஏ படிக்கும்போதே நிரல் வரைகிறது என்று பொருள். ஒவ்வொரு சட்டகத் தொடக்கத்திலும் ஒரு குறுக்கீட்டுச் சைகை வருகிறது. ஹால்ட் கட்டளையால் அதற்காகக் காத்திருந்தால், படத்தின் முதல் வரிக்கு முன் 64 வரிகள், அதாவது 14,336 துடிப்புகள் கிடைக்கும். வரைவதை அதற்குள் தொடங்கி மேலிருந்து கீழாகச் செய்தால் கிழிவு மறையும்.

திரையெங்கும் புள்ளிகள் மின்னுவது பனிப்பொழிவு எனப்படும். நுண்செயலியின் 'ஐ' பதிவகத்தில் 64 முதல் 127 வரையிலான மதிப்பு இருக்கும்போது, நினைவகப் புதுப்பித்தல் யூ.எல்.ஏயின் படிப்பைக் குலைக்கிறது. 48 கே வகையில் அம்மதிப்பை 127க்கு மேல் வைத்தால் இது நிற்கும்.

கடிகாரம் பிழையாவது ஏன்

23672 முதல் 23674 வரையிலான மூன்று பைட்டுகள் சட்டகங்களை எண்ணுகின்றன. இவ்வெண்ணை 50ஆல் வகுத்து நொடிகளாகக் கொள்வது வழக்கம். கணக்குப்படி நொடிக்கு 50.08 சட்டகங்கள் என்பதால், இக்கடிகாரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 6 நொடி முந்தும். மறுபுறம், பீப் கட்டளையும் நாடாச் செயல்களும் குறுக்கீட்டை நிறுத்துவதால் அந்நேரம் எண்ணப்படாமல் போகும். மூன்று பைட்டுகளைப் படிக்கும் இடைவெளியில் எண் மாறினாலும் தவறான விடை வரும். எனவே இருமுறை படித்து, பெரிய மதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

உண்மையான பழுதை அறிதல்

நிரலைப் பொறுத்து மாறும் குறை பெரும்பாலும் நேரக்கணக்கைச் சார்ந்தது. நிரல் எதுவும் ஏற்றாதபோதே தோன்றும் குறை வன்பொருளைச் சார்ந்தது. கீழ் 16 கே நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சில்லு வீதம் எட்டு 4116 சில்லுகள் உள்ளன. அவற்றில் ஒன்று கெட்டால், 8 புள்ளிகளுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் திரை முழுவதும் தோன்றலாம். கோடு கட்டத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பதே எந்தச் சில்லு என்பதைக் காட்டும்.

ஆனால் சில்லை மாற்றும் முன் மின்னழுத்தங்களை அளக்க வேண்டும். 4116 சில்லுக்கு +5, +12, −5 வோல்ட் மூன்றும் தேவை. −5 வோல்ட் இல்லாமல் +12 வோல்ட் மட்டும் கிடைத்தால் சில்லு கெட்டுவிடும். மின்மாற்றுச் சுற்றிலுள்ள டிஆர்4 டிரான்சிஸ்டர் பழுதாவது இக்கணினியில் அடிக்கடி காணப்படுவது. அதைச் சரிசெய்யாமல் புதுச் சில்லுகளைப் பொருத்தினால் அவையும் பாழாகும்.