புயவலிமையும் பயிற்சித் தேர்வும்

மாணவர் விடுதியில் வாழ்ந்த காலத்தில் யானும் நண்பர் இருவரும் புயவலிமை பெற விரும்பி, மணல் நிரப்பிய தகரப் பேணிகளை இரவுதோறும் முழங்கையை மடக்கி மடக்கி உயர்த்தி வந்தோம். ஆறு திங்கள் கழிந்தபின் மைதானத்துக் கிடைச்சட்டத்தைப் பற்றித் தொங்கியபோது, நாடி சட்டத்தை எட்டுமாறு ஒரு முறையேனும் உடலை உயர்த்த எம்மில் எவராலும் இயலவில்லை. எனக்கு எஞ்சியது முழங்கை நோவொன்றே. முயற்சியில் குறைவிருக்கவில்லை, தேர்விலேயே பிழையிருந்தது. இன்றைய மாணவரும் அப்பிழையையே செய்யக் காண்கின்றமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

மேற்கையின் முன்புறத்தே இருதலைத்தசையும், அதனடியில் வேறொரு தசையும் உள. இவை முழங்கையை மடக்குவன. பின்புறத்தேயுள்ள முத்தலைத்தசை அதனை நீட்டுவது. மேற்கையின் பருமனிற் பாதிக்கு மேற்பட்டது இம்முத்தலைத்தசையே. ஆயினும், கண்ணாடியில் முன்புறமே தோன்றுதலின் இளைஞர் அதனை மட்டும் பேணுவர்.

ஆதலின் தள்ளும் பயிற்சி ஒன்றும் இழுக்கும் பயிற்சி ஒன்றும் முதலில் தேர்ந்துகொள்க. தள்ளுதற்குத் தண்டால் சிறந்தது. கைகளை அண்மையாக ஊன்றின் முத்தலைத்தசை மிகுதியும் உழைக்கும். தொடக்கத்தில் இயலாதோர் உயர்ந்த திண்ணையிற் கையூன்றிச் செய்யலாம். இழுத்தற்குக் கிடைச்சட்டமே போதும். உள்ளங்கை தம்மை நோக்குமாறு பற்றின் இருதலைத்தசை நன்கு உழைக்கும். எழ இயலாதோர் முக்காலி மீதேறி நின்று, சட்டத்தைப் பற்றியவாறு மெல்ல மெல்ல உடலை இறக்கிப் பழகுக.

இவ்விரண்டும் கைவந்தபின் தனிப்பயிற்சிகளைச் சேர்க்கலாம். இருதலைத்தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேனோக்கித் திருப்பவும் செய்வது. ஆகவே, உள்ளங்கை மேனோக்க டம்பெல்லை உயர்த்துதல் நன்று. முத்தலைத்தசையின் நீண்ட தலை தோட்பட்டை எலும்பிலே தொடங்குவதால், தலைக்கு மேல் நிறையைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டும் பயிற்சி அதற்கு உகந்தது.

எத்துணை நிறை வேண்டும்? எட்டு முதற் பன்னிரண்டு முறை செய்யும்போது இறுதி இரு முறையும் அரிதாயிருத்தல் வேண்டும். பன்னிரண்டும் எளிதாயின் நிறையைச் சிறிது கூட்டுக. 1945 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தொமஸ் டெலோர்ம், காயமுற்ற வீரரின் தசைகளை இவ்வாறு படிப்படியாக நிறை கூட்டி வலுப்படுத்திய முறையை வெளியிட்டார். எமது பேணிகளோ ஆறு திங்களும் ஒரே நிறையின!

தசை வளர்வது ஓய்வின்போதாகும். ஆதலால் ஒருநாள் விட்டு ஒருநாள் பயில்க. பயறு, உழுந்து, கடலை, பால் என்பன உணவிற் குறையாதிருக்கட்டும். தசையில் இரண்டொரு நாள் நிலைக்கும் நோவு இயல்பு. மூட்டிலே குத்தும் நோவு தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

இது மாணவர்க்கு மட்டும் உரியதன்று. முதுமை நெருங்க நெருங்கத் தசை தேய்வது இயற்கை; அத்தேய்வைத் தணிக்க வல்லது இத்தகைய பயிற்சியே. ஆதலின் பழைய மாணவராகிய நாமும் திண்ணையிற் கையூன்றித் தொடங்கலாம்.

பயிற்சியை மாற்றிய பின், மறு ஆண்டில் அதே கிடைச்சட்டத்தில் ஐந்து முறை எழுந்தேன். பேணிகளை எறிந்துவிடவில்லை, அவற்றில் மேலும் மணல் சேர்த்துக்கொண்டேன்.