தண்டவாளமும் பொலிகாளையும்

ரயில்வேயில் நான் பார்த்த வேலை தண்டவாளப் பராமரிப்பு. ஓய்வு பெற்றபின் வடோதராவிலேயே தங்கிவிட்டேன். இவருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை ஒரு சம்பந்தமும் இல்லைதான்.

என்னிடம் கீமேனாக இருந்த ஒருவர் ஆனந்த் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு கிர் பசுக்கள் வைத்திருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது முகம் வாடியிருந்தது. "சாஹேப், இரண்டு பசுக்கள் மூன்று முறை காளைக்கு விட்டும் சினை பிடிக்கவில்லை. மலடு என்கிறார்கள். யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்" என்றார். அன்று அங்கு வந்திருந்த கால்நடை மருத்துவர், "பசுவைக் கொடுப்பது இருக்கட்டும், முதலில் ஊர்க்காளையைப் பார்ப்போம்" என்றார்.

காளையைக் கட்டி நிறுத்தினார்கள். மருத்துவர் விதைகளைக் கையால் தடவிப் பார்த்தார். டேப் வைத்து விதைப்பையின் சுற்றளவை அளந்தார். பிறகு ஒரு சிறிய ஸ்கேன் கருவியை எடுத்து, ஜெல் தடவி, புரோபை வைத்தார். ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு என்றே நினைத்திருந்த எனக்கு ஒரே ஆச்சரியம். தண்டவாளத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே புரோபை உருட்டி வெடிப்புத் தேடுவோமே, அதே வேலை!

தத்துவம் ஒன்றுதான். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். தண்டவாளத்துக்கு நாங்கள் அனுப்புவது 20 முதல் 40 லட்சம் அதிர்வுள்ள ஒலி. காளையின் விதைக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 லட்சம். அதிர்வு கூடினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். பொருளின் தன்மை மாறும் இடத்தில் ஒலியில் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்புகிறது. நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகவே தண்ணீரும் ஜெல்லும். கிளாஸ்கோவில் டாக்டர் இயன் டொனால்ட் என்பவர், உலோகத்தில் குறை கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டுதான் மனித உடலைச் சோதிக்கத் தொடங்கினார். அதன் முடிவுகளை 1958இல் வெளியிட்டார். ஆக, ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு எங்கள் கருவி தாயாதி முறை!

நல்ல விதை திரையில் நைசாக அரைத்த மாவு போல ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்; அது இயல்பானது, குறை அல்ல. நீர் கோத்திருந்தால் கறுப்பாகவும், தழும்போ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் வெள்ளைத் திட்டாகவும் தெரியும்.

அந்தக் காளையின் இடது விதை சிறுத்து, வெள்ளைத் திட்டுகளாக இருந்தது. ஆனால் மருத்துவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "படம் உறுப்பைக் காட்டும், விந்தணு நீந்துகிறதா என்று காட்டாது" என்றார். திட்டுகள் இருந்தும் நல்ல விந்து தரும் காளைகள் உண்டாம். காய்ச்சலோ கடும் வெயிலோ தாக்கினாலும் விந்து தற்காலிகமாகக் கெடும். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள், அது முதிர மேலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே அவ்வளவு காலம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

எங்கள் வேலையிலும் இப்படித்தான். தண்டவாளக் குறையை உடனே அகற்ற வேண்டியது, கண்காணிப்பில் வைக்க வேண்டியது என்று பிரித்துக் குறிப்போம். காளையையும் முதலில் கண்காணிப்பில் வைத்தார்கள். நுண்ணோக்கியில் முதல் முறை பார்த்தபோது பெரும்பாலான அணுக்கள் அசையவில்லை. இரண்டரை மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதே நிலை. அதன்பின்தான் காளையை ஒதுக்கினார்கள்.

பசுக்களுக்குச் செயற்கை முறையில் சினை ஊசி போட்டார்கள். இரண்டில் ஒன்று முதல் ஊசியிலேயே சினை பிடித்தது. மற்றதற்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீமேன் இரண்டையும் வைத்துக்கொண்டார்.

ஒரு பசுவிடம் குறை என்றால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். ஊர்க்காளையிடம் குறை என்றால் ஊருக்கே நஷ்டம். அப்படியிருந்தும் மலடு என்ற பேச்சு வந்ததும் நம் கண் முதலில் போவது பசுவின் பக்கம்தான். மாட்டுத் தொழுவத்தில் மட்டுமா இந்தப் பழக்கம்? யோசித்துப் பாருங்கள். மாடு வைத்திருக்கும் உறவினர் ஊரில் இருந்தால், பசுவைத் தள்ளும் முன் காளையையும் சோதிக்கச் சொல்லுங்கள்.