முப்புரிக் கயிற்றை அறுக்கும் புழு

மாட்டு ஈரலின் பித்தக் குழாயில் கத்தியை இழுத்தால் சில ஈரல்களில் கரகரவென்று சத்தம் கேட்கும். சுண்ணாம்பு படிந்து குழாய் அவ்வளவு இறுகியிருக்கும். அழுத்தினால் பழுப்பு நீரோடு இலை போன்ற புழுக்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். டெல்டாவில் இருபத்தாறு ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்தும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவே இல்லை.

கல்லீரல் தட்டைப்புழு. நம் பக்கத்து இனம் ஃபாசியோலா ஜைகாண்டிகா, ஏழு செ.மீ. வரை வளரும். இதற்குப் பல்லும் இல்லை, தாடையும் இல்லை. வாய்க்கால் கரைப் புல்லில் ஒட்டியிருக்கும் கூட்டோடு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. குடலில் கூட்டை விட்டு வெளியே வந்து, குடல் சுவரைத் துளைத்து, வயிற்றறையைக் கடந்து ஈரலுக்குள் புகுகிறது. வாரக்கணக்கில் ஈரல் சதையைத் தின்றபடி பித்தக் குழாயைச் சேர்கிறது. இத்தனை வேலையையும் செய்வது அதன் செரிமானச் சாறுதான்.

சாற்றில் முக்கியமானவை கத்தெப்சின் என்ற நொதிகள். அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, இந்தப் புழுவின் குளிர்நாட்டு உறவான ஃபாசியோலா ஹெபாடிகாவிலிருந்து வந்தது. என்னை மலைக்க வைத்தது ஒரு விஷயம்: புழு வயதுக்கேற்ப நொதியை மாற்றிக்கொள்கிறது. உடலின் தசைநார், தோல், குடல் சுவர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருப்பது கொலாஜென். மூன்று இழைகளை முறுக்கிய முப்புரிக் கயிறு அது. பெரும்பாலான நொதிகள் அதன் மேல் மழுங்கிப் போகும். ஆனால் குஞ்சுப் புழு சுரக்கும் கத்தெப்சின் எல்3 முறுக்கின் ஊடே புகுந்து அறுத்துவிடும். பித்தக் குழாயில் குடியேறிய பெரிய புழுவுக்குச் சுவர் துளைக்கும் வேலை இல்லை, ரத்தம்தான் சாப்பாடு. அங்கே எல்1, எல்2 வகைகள் மேலோங்கி ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக்குகின்றன.

புழு தன்னையே ஏன் செரித்துக்கொள்வதில்லை? நொதி உருவாகும்போது உறையிலிட்ட கத்தியாகத்தான் இருக்கிறது. புழுவின் குடல் அமிலத்தில் உறை கழன்ற பிறகே வெட்டத் தொடங்குகிறது. மாடு தன்னைக் காக்க அனுப்பும் எதிர்ப்புப் புரதங்களையும் அதே கத்தி கீல் போன்ற இடத்தில் நறுக்கிவிடுகிறது. இந்த நொதிகளையே வைத்துத் தடுப்பூசி செய்து பார்த்தார்கள். பலன் ஒரு சோதனையில் இருந்தது போல் இன்னொன்றில் இல்லை. விற்பனைக்கு ஒன்றும் வரவில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். பசுவைப் பிடித்துவந்த பெரியவர், "டாக்டரம்மா, திங்கறதெல்லாம் திங்குது, உடம்பு மட்டும் ஏற மாட்டேங்குது. இப்பத் தாடையில தண்ணி கோத்துக்கிச்சு" என்றார். கீழிமையைப் புரட்டினேன், வெளுத்திருந்தது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் கசியும். தலை குனிந்து மேயும் மாட்டுக்கு அது தாடையடியில் வந்து நிற்கும். "எத்தனை நாளா அண்ணே?" என்றேன். பத்து நாள் என்றார். பத்து நாளில் வந்ததல்ல அது.

எனக்கு ஆறாத வருத்தம் இங்கேதான். சாணத்தில் முட்டையைத் தேடித்தான் நாங்கள் நோயைக் கண்டுபிடித்தோம். கலக்கி, படியவிட்டு, மெத்திலீன் நீலம் சேர்த்துப் பார்த்தால் நீலத்தின் நடுவே முட்டை பொன்மஞ்சளாகத் தெரியும். ஆனால் புல்லோடு உள்ளே போன புழு முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஈரல் குடையப்பட்டிருக்கும்.

இந்தப் புழுவுக்கு மலவாய் கிடையாது. செரித்ததில் மிஞ்சியதை வாய் வழியாகவே கக்குகிறது. கக்கியதில் கத்தெப்சினும் கலந்து, பித்தத்தோடு குடலுக்கு இறங்கிச் சாணத்தில் வெளியேறுகிறது. அந்தப் புரதத்தைச் சாணத்திலேயே கண்டறியும் சோதனை இருக்கிறது; முட்டை வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். நான் வேலை பார்த்த மருந்தகங்களில் ஒன்றில்கூட அது இருந்ததில்லை. ஈரல் கரகரப்பதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள், மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

பெரியவரின் பசுவுக்கு மருந்து கொடுத்தேன். வாய்க்கால் ஓரப் புல் வேண்டாம், மேட்டுப் புல்லாக அறுத்துப் போடுங்கள் என்றேன். "மேட்டுல ஏதும்மா புல்லு?" என்று கேட்டபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.